புது இன்ஜின், தாண்டிப் போங்கள்

ஹெட்லி கார்சைட் ஜாகுவார் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. லெஸ்டரில் சின்னதாக ஒரு காலுறைத் தொழிற்சாலை வைத்து, பதினைந்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய கார். கரும்பச்சை நிறம், சிவப்புத் தோல் இருக்கை, வால்நட் மரப் பலகை. பின் கண்ணாடியில் எல்லோரையும் போல அவனும் ஓர் அட்டை ஒட்டியிருந்தான்: ‘புது இன்ஜின், தாண்டிப் போங்கள்.’ புது இன்ஜின் பழகும் வரை, முதல் ஆயிரம் மைலுக்கு, மணிக்கு ஐம்பது மைலைத் தாண்டக் கூடாது; தாண்டினால் இன்ஜின் கெட்டுவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் புதுக் கார் வாங்கிய எவனுக்கும் அது வேதவாக்கு.

காலை ஒன்பது மணிக்கு கெண்டலிலிருந்து அண்ணி டோரா போன் செய்தாள். அண்ணன் கிளெம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்றாரு. உங்கண்ணன் உன்னைத்தான் கேக்கறாரு. உடனே வா ஹெட்லி."

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம். எல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளில் ஆரம்பித்தது. உலகப் போருக்கு முன்னால் இருவரும் காசு சேர்த்துப் புதிதாக வாங்கியது. வாங்கிய முதல் ஞாயிறே ஹெட்லி அதைக் கடற்கரைக்கு முறுக்கோ முறுக்கென்று முறுக்கி ஓட்டி, புது இன்ஜினைச் சூடேற்றி இறுக வைத்து நாசம் பண்ணினான். கிளெம் மெக்கானிக், அவனால் அதை மறக்க முடியவில்லை. அப்பாவைப் புதைத்த அன்றுகூட, அத்தனை பேர் முன்னால், "உனக்குப் பொறுமையே கிடையாதுடா, தொட்டதெல்லாம் நாசம்" என்றான். ஹெட்லி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான்.

நூற்று எழுபது மைல். ஐம்பதிலேயே போனாலும் மதியம் தாண்டிச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, மனைவி மேவிஸோடு கிளம்பினான். டாக்டரே சாயங்காலம் என்றுதானே சொல்லியிருக்கிறார்!

பிரெஸ்டன் பக்கம் மோட்டார்வேயில் போய்க்கொண்டிருந்தார்கள். வேகக் கட்டுப்பாடே இல்லாத சாலை. உருளைக்கிழங்கு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"லாரிக்காரன் சிரிக்கிறான் பாரு," என்றாள் மேவிஸ். "கொஞ்சம் அழுத்தேன்பா!"

"நானூறு மைல்கூட ஓடல மேவிஸ்."

"வண்டி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். அண்ணன்?"

"உனக்கு அவனைத் தெரியாது. என்னைப் பாத்ததும் முதல்ல என்ன கேப்பான் தெரியுமா? எத்தனைல ஓட்டினேன்னு. இந்தத் தடவையாவது தலை நிமிர்ந்து பதில் சொல்லணும் நான்."

மேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவி மனுஷன், முள்ளை ஐம்பதிலேயே பிடித்து வைத்திருந்தான். அண்ணன் மேல் பாசம் இல்லாமலா? அந்தப் பாசம்தான் அவன் காலைப் பிடித்து வைத்திருந்தது.

இரண்டே காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினான். மாடிப்படியில் டோரா உட்கார்ந்திருந்தாள், மடியில் கிளெமின் மூக்குக்கண்ணாடி.

"அவர் போயி இருபது நிமிஷம் ஆச்சு," என்றாள்.

ஹெட்லி தொப்பியைக் கழற்றினான்.

"கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாரு. நீ ஜாகுவார் வாங்கினதைச் சொன்னேன், அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. ‘பன்னெண்டுக்கெல்லாம் வந்துருவான் பாரு, அந்தக் கழுதைக்கு மெதுவா ஓட்டத் தெரியாது’ன்னு சிரிச்சாரு. அப்புறம் பன்னெண்டு ஆச்சு, ஒண்ணு ஆச்சு. வாசல்ல கார் சத்தம் கேக்கறப்பல்லாம், ‘அவனா பாரு, அவனா பாரு’ன்னாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வழியில வண்டி நின்னுபோச்சா ஹெட்லி?"

"இல்ல டோரா. வண்டிக்கு ஒண்ணும் ஆகல," என்றான் ஹெட்லி. அவள் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்தான். "ஐம்பதைத் தாண்டவே இல்ல. ஒரு தடவைகூடத் தாண்டல," என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான்.