கோட்டை திருத்தப் போன மனுசன்

என் மனுசன் ஆரூரனுக்கு விசர், முழுப் பைத்தியம். கோபத்தில் சொல்லவில்லை, ஆற அமர யோசித்துத்தான் சொல்கிறேன். ஒரு யுத்தத்துக்குத் தப்பி மொன்றியல் நகரத்து லாசாலில் வந்து குந்தியிருக்கிற ஆள், இன்னொரு யுத்தம் வரலாம் என்கிற நாட்டுக்குத் தானாகப் பெட்டி கட்டிக்கொண்டு போவாரா? போனாரே!

மொன்றியல் துறைமுகத்தில் வெடிப்பு விழுந்த கரைச்சுவர்களுக்குக் கொங்கிறீட் போட்டுத் திருத்துவது அவர் தொழில். ஆறு உறைந்தால் வேலை நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து அவருடைய கொம்பனிக்குப் பால்டிக் கடலோரத்துக் குட்டிக் குடியரசு ஒன்றிலிருந்து வேலை வந்தது. அந்தக் குடியரசுக்கு என்னைவிட வயது குறைவு. பக்கத்துப் பெரிய நாட்டின் போர்க்கப்பல்கள் அதன் வாசலுக்கு வந்து வந்து போகின்றனவாம். துறைமுக வாயிலைக் காக்கிற பழைய கோட்டையின் கடற்சுவர் இடிந்து கிடக்கிறதாம், கெதியாகக் கட்ட வேண்டுமாம்.

"ஒரு குளிர்காலம்தானேயப்பா, போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன அன்று அவர் இடுப்பிலிருந்து கழற்றிப் போட்ட நீலக் கட்டம் போட்ட சாரம் குளியலறைக் கதவுக் கொழுவியில் தொங்கியது. பயணம் போனவர் திரும்பி வந்து படியேறும்வரை, அவர் கடைசியாகக் கட்டிய துணியைத் தோய்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தோய்த்தால் ஆள் திரும்பாது என்று ஒரு பயம். எங்கள் மகள் வித்தியாவுக்கு இதெல்லாம் விளங்காது.

"அம்மா, அப்பான்ர சாரம் நாறுது. மெஷினுக்குள்ள போடட்டே?"

"கையை வச்சியோ, முறிச்சுப்போடுவன்."

அவளுக்கு அது நாற்றம். எனக்கு அது சீமெந்தும் வியர்வையும் பவுடரும் கலந்த என் மனுசன். அவள் பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திவிட்டு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பேன். சொல்ல எனக்கென்ன வெட்கம்? பகலில் ஏசுவதற்கு ஆள் இல்லை, படுத்தால் போர்வையை இழுப்பதற்கு ஆள் இல்லை. அவரில்லாமல் எனக்கு ஏலாமல் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் வீடியோவில் வந்தார். குளிரில் உதடு வெடித்திருந்தது. "ஜினி, கப்பலுகள் நல்லாக் கிட்ட வந்திட்டுது. வெளிநாட்டு ஆக்களைப் போகச் சொல்லிப்போட்டாங்கள். வெள்ளிக்கிழமை வாறன்."

"ஐயோ முருகா, உனக்குக் கோடி புண்ணியம்!" என்று கத்தினேன். பிறகு எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நான் வேலை செய்கிற தையற்சாலையில் லீவு சொன்னேன். மீன் வாங்கி வைத்தேன். வீட்டைக் கழுவினேன். புதன்கிழமை காலை, வருகிற மனுசனுக்கு அழுக்குச் சாரத்தையா கொடுப்பது என்று அதையும் எடுத்துத் தோய்த்துவிட்டேன். அவர் இன்னும் பிளேனே ஏறவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

சாரத்தை அயன் பண்ணிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது.

"கோவிக்காதையும் ஜினி. நான் வெள்ளிக்கிழமை வரேல்லை."

"என்ன?"

"சுவரிலை ஒரு இடம் இன்னும் திறந்துதான் கிடக்கு. மற்ற ஆக்களெல்லாம் போகினம். அடைக்க ஆள் காணாது. ஊர்ச்சனம் வந்து கோட்டைக்குள்ளை மண்மூட்டை அடுக்குது. சாக்கு முடிஞ்சுபோச்செண்டு பொம்பிளையள் வீட்டுத் திரைச்சீலையளைக் கொண்டுவந்து தைக்கினம்."

எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. வன்னியில் கலியாணம் கட்டி ஒரு வருசம் முடியுமுன் என் கூறைச் சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்தவள் நான். அந்த மூட்டைகள் அடுக்கிய பங்கர்க் குழிக்குள் கிடந்துதான் நாங்கள் இரண்டு பேரும் உயிர் தப்பினோம்.

"அது ஆரின்ரை நாடு? உங்களுக்கு என்ன வந்தது? நான் என்ரை கூறையைக் கிழிச்சு மூட்டை தைக்கேக்கை எங்களுக்கு ஆர் வந்தவை? சொல்லுங்கோ, ஆர் வந்தவை?"

போனில் அவருக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"ஒருத்தரும் வரேல்லை," என்றார். "அதுதான் நிக்கிறன்."

ஏசுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். ஆனால் கையிலிருந்த சாரத்தை எடுத்து முகத்தில் வைத்தேன். சவர்க்கார வாசம் மட்டும்தான் இருந்தது. என் மனுசனை என் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டேன் என்று நினைத்ததும் குழறிவிட்டேன்.

"என்னப்பா? ஏன் அழுறீர்?"

"உங்கடை சாரத்தைத் தோய்ச்சுப்போட்டனப்பா."

வழக்கம் அவருக்கும் தெரியும். "அப்ப நான் வருமட்டும் நீர் அதைக் கட்டும்," என்று சிரிக்கப் பார்த்தார்.

"வாயை மூடுங்கோ," என்றேன். "அந்தச் சுவரை முடிச்சுப்போட்டு வாங்கோ. அரைகுறையிலை விட்டுட்டு வந்தீங்களெண்டா, படியிலை வச்சே திருப்பி அனுப்புவன். ஆனா வாங்கோ. எனக்கு நீங்கள் வேணும்."

"வருவன் ஜினி," என்றார்.

சாரத்தை அதே கொழுவியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த வித்தியா அதைப் பிடித்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள்.

"இப்ப நல்ல வாசமாயிருக்கு, அம்மா," என்றாள்.