தூங்காத சிப்

கோவிந்தப்பாவுக்கு அந்த ஆபீஸில் எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. அடுகோடியில் இரண்டாவது மாடி. பத்து இஞ்சினியர்கள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கோடு போடுகிறார்கள், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. விற்கிற சரக்கை மட்டும் கண்ணால் பார்த்தவன் இல்லை. லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாசலில் உட்காரும் செக்யூரிட்டிக்கு அது வேண்டாத கவலை. ஆனாலும் கவலைப்பட்டார்.

தொண்ணூற்றெட்டில் ஒருவழியாகச் சரக்கு வந்தது. மிளகளவு சிப். காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் மிஷினுக்குள் இருந்து பேச்சை எண்களாக மாற்றும் என்று, அதை வரைந்த அம்ருதா சொன்னாள். பொட்டளவு பேட்டரியில் ஒரு வாரம் ஓட வேண்டுமாம். அதனால் யாரும் பேசாத நேரத்தில் சிப் தூங்கிவிடும், தூங்கும்போது கரண்ட் குடிக்காது என்றாள். அது தூங்குகிறதா, பாசாங்கு பண்ணுகிறதா என்று யார் பார்த்தது என்று கேட்டார் கோவிந்தப்பா.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, சிப் தூங்கவில்லை. தூக்கத்தில் இரண்டு மைக்ரோஆம்ப் குடிக்க வேண்டியது நாற்பது குடித்தது. அம்ருதா மூன்று வாரம் சர்க்யூட்டைச் சலித்துப் பார்த்தாள், ஓட்டை அகப்படவில்லை. சிப்பை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.

மானேஜர் ஸ்ரீகண்டன் மீட்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஆபீஸ் நேரம் முழுக்கப் பதிவு செய்ய வைத்தார். ஐந்து நாளும் ஒரே கதை. மதியம் ஒரு மணிக்கு நாற்பது சடாரென்று இரண்டுக்கு இறங்குகிறது, ஒன்றே முக்காலுக்கு மறுபடி ஏறுகிறது. அந்த நேரத்தில் எல்லோரும் கீழே சாப்பாட்டில். மேலே இருப்பது சாவிக்கொத்தும் கோவிந்தப்பாவும்தான்.

டிபன் கேரியரைச் சூடு பண்ண சிப்பின் ஒயரைப் பிடுங்குகிறார் என்று ஸ்ரீகண்டன் முடிவு கட்டினார். செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போன் போட்டு, ஆளை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் அவரை லேபுக்குள் கூப்பிட்டார். ஒயரைப் பிடுங்கினால் பூஜ்யம் அல்லவா வர வேண்டும், இரண்டு ஏன் வருகிறது என்று அம்ருதா முனகினாள். மானேஜர் காதில் வாங்கவில்லை.

“டெய்லி ஒரு மணிக்கு இங்க என்ன பண்றீங்க?”

“லைட்ட அணைக்கிறேன். ஆளில்லாத ரூம்ல ட்யூப்லைட்டு மூணு, அந்தப் பூதக்கண்ணாடிக்கு ஒரு வெளக்கு. யார் அப்பன் வூட்டு கரண்டு சார்?”

அம்ருதா நாற்காலியை விட்டு எழுந்தாள். முதல் சிப்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக மூடி போடாமல் வரவழைத்திருந்தார்கள். வெறும் சிலிக்கான்மேல் வெளிச்சம் பட்டால் அதுவே கரண்டைக் கசிய விடும், மூடி போட்டால் நின்றுவிடும். காலேஜில் படித்ததுதான், பத்துப் பேரும் மறந்திருந்தார்கள். அவர்கள் வரைந்த கம்ப்யூட்டருக்குள் வெயிலும் இல்லை, விளக்கும் இல்லை.

“கோவிந்தப்பா, இப்ப ஒருவாட்டி அணைங்க.”

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நாலு பேர் முன்னால் செய்யச் சொல்வார்கள், பிறகு பார்த்தாயா இவன்தான் என்பார்கள். இப்படி எத்தனை கம்பெனி பார்த்தாயிற்று.

“சார் சொல்லித்தான் அணைச்சேன்னு எழுதிக் குடுங்க.”

ஸ்ரீகண்டன் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினார். கோவிந்தப்பா வாங்கவில்லை. மானேஜருக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுத வராது, கன்னடத்தில் எழுதினார். கோவிந்தப்பா எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்துவிட்டு, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

தேதி வந்ததும், தினமும் செய்கிறபடி விளக்குகளை அணைத்து ஜன்னல் திரையையும் இழுத்தார். மீட்டர் இரண்டுக்கு இறங்கியது. போட்டார், நாற்பது. மறுபடி அணைத்தார், இரண்டு. இருட்டில் பத்துப் பேரும் கை தட்டினார்கள். விளக்கை அணைத்ததற்குக் கை தட்டுகிற ஜனங்களிடம் காது மிஷின் வாங்கப்போகிறவனை நினைத்தார் கோவிந்தப்பா.

ஸ்ரீகண்டன் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆளை மாற்ற வேண்டாம் என்று ஏஜென்சிக்குப் போன் போட்டார். புது ஆள் அப்போதே கிளம்பிவிட்டதாகப் பதில் வந்தது.

கோவிந்தப்பா வாசலுக்கு வந்தபோது, புது யூனிபாரம் போட்ட ஒருவன் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பேர் பழனிச்சாமி, பொம்மனஹள்ளி, மாற்று டூட்டி என்றான். கோவிந்தப்பா விசிட்டர் நோட்டை அவன்முன் விரித்து, பேனாவைக் கொடுத்தார். அவன் பேரையும் ஊரையும் எழுதி, வந்த காரியம் என்கிற கட்டத்துக்கு வந்தான்.

“அத்த காலியா வுடுப்பா,” என்றார். “அவுட் டைம் மட்டும் போடு.”