கூரையில் முட்டிய செயலாளர்

செயலாளரின் வலது கணுக்காலை அவர் மனைவி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இடது கால் அச்சகக்காரர் பொறுப்பில். தலை கூரையில் முட்டியிருந்ததால் மின்விசிறியை நிறுத்திவிட்டோம். ஜன்னல் கொக்கி உடைந்து ஒரு மாதம். உலகத்துக்கே இயங்குதளம் ஏற்றிக் கொடுக்கப் புறப்பட்ட எங்கள் குழுவில் கொக்கி மாட்டத் தெரிந்தவர் இல்லை. திறந்த ஜன்னல் பக்கமாகவே அவர் நகர்ந்துகொண்டிருந்தார். ஞாயிறு காலை பத்து பத்து. தையல்கார அக்காவை இன்னும் காணோம்.

"பத்து மணிக்கு டாண்ணு வந்துடுவாங்களே," என்றார் மனைவி. "கை விட்டுப்போகுதுங்க. வெளிய போயிட்டா இவரை எங்கன்னு தேடுறது?"

அச்சகத்து மாடியில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பரப்ப எங்கள் குழு தொடங்கிய நாளில் செயலாளர் அறுபத்தொன்பது கிலோ. நாங்கள் பதினோரு பேர், பதினோரு வகை லினக்ஸ். அடுத்தவன் போட்டிருப்பது குப்பை என்பதில் மட்டும் ஒற்றுமை. பிரிண்டர் யாருக்கும் ஓடியதில்லை. நேரில் கூடுவது பழைய பாணி என்று ஒரு வருடம் எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றினோம். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் செயலாளர் பதில் எழுதினார். ஒரு நன்றிக்கு ஐம்பது கிராம் குறைந்தது, விவாதத்தில் ஜெயித்தால் நூறு. ஆண்டு முடிவில் செருப்பு தரையில் நிற்க, ஆள் மட்டும் நாலு விரற்கடை மேலே நின்றார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். மனைவி சட்டைப் பையில் கல் போட்டார். கல்லும் சேர்ந்து மிதந்தது.

பழுதான கணினியோடு யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் மட்டும் இறங்கினார். அது ஏழு நாள் தாங்கியது. ஆகவே மறுபடி மாடியில் கூடினோம். ஆனால் எங்கள் ஆட்கள் கிட்னி கேட்டால்கூடக் கொடுப்பார்கள். தன் கணினி பழுது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டவர் தையல்கார அக்கா ஒருவர்தான். ஆறு வருடமாக அதே லேப்டாப், அதே குறை. அந்தப் பெட்டியைக் காயலான் கடையில் போடச் சொல்லி முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். அக்கா மூச்சிரைக்க நுழைந்தார்.

"மறுபடியும் திரை இருட்டா இருக்கு சார்."

செயலாளர் இறங்கி வந்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. மனைவி கைகளை உதறிக்கொண்டு டீ போடப் போனார். செயலாளர் அடிமூடியைத் திறந்து, கழன்றிருந்த மெமரி அட்டையை அழுத்தி மாட்டினார். திரை வந்தது. மூடியை மூடும்போதுதான் ஒரு திருகு குறைவது தெரிந்தது. அக்கா தயங்கியபடி உள்ளங்கையைத் திறந்தார். திருகு அங்கே இருந்தது.

அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த செயலாளர், நாற்காலியை விட்டு ஒரு மயிரிழையும் எழவில்லை.

"வாராவாரம் கத்தரியால திறந்து மெமரியைப் பிடுங்கினா, திருகு தேயாம என்ன செய்யும்? அதான் கழட்ட முடியாம இன்னிக்கு லேட்டா?"

அக்கா தலையாட்டினார். செயலாளர் தன் ஸ்க்ரூடிரைவரை அவரிடம் நீட்டினார்.

"அடுத்த ஞாயிறு இதுல கழட்டுங்க."