கோட்டை பார்க்க வந்தவர்

தியாகதுருகம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காசிநாதனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோட்டை பார்க்க வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அவர்தான் கூட்டிப்போவார். மலை மேல் பீரங்கி, பாறைச் சுனை, இறங்கி வந்தால் பழைய பேட்டைத் தெரு, கோயில், பள்ளிவாசல் என்று அரை நாளில் ஊரைச் சுற்றிக் காட்டிவிடுவார். ஐதர் அலியின் ஆட்களும் கும்பினிக்காரர்களும் இந்த மலைக்காக அடித்துக்கொண்டதைச் சொல்லும்போது, நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி கையை வீசி வீசிப் பேசுவார்.

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கம் அறிவித்திருந்தது. அதன் முதல் நாள் காலையில் ஓர் அம்பாசடர் கார் ஸ்டூடியோ முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் கமலா. சென்னையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். போன வாரமே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

"இன்னிக்கு வேணாங்கம்மா. மறியல் ஆரம்பிக்குது. அப்புறம் திரும்பிப் போவ முடியாதுங்க" என்றார் காசிநாதன்.

"பத்து மணிக்கு மேலதான் ஆரம்பிப்பாங்களாம். அதுக்குள்ள பாத்துட்டுக் கிளம்பிடறேன். இதை விட்டா எனக்கு லீவு கிடையாது."

"பத்து மணின்னு யாருங்க சொன்னது?"

"வீட்ல சொன்னாங்க" என்றார் கமலா. காசிநாதன் அதற்கு மேல் கேட்கவில்லை. டிரைவரை மலையடிவாரத்தில் காரோடு இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் ஏறினார்கள்.

கமலா நன்றாக ஏறினார். நல்ல கேள்விகளும் கேட்டார். இடிந்த மதில் ஒன்றைத் தொட்டு, இந்தச் செங்கல் பிற்காலத்தது மாதிரி இருக்கிறதே என்றார். காசிநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உச்சியில் நின்று, மேற்கே நீலமாகக் கிடந்த கல்வராயன் மலையைக் காட்டி, அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் இங்கிருந்தே எண்ணிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கீழே சேலம் ரோட்டில் ஒரு புளியமரம் அசைந்தது.

முதலில் மரம் சாய்ந்தது தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் அடுத்த மரமும் சாய்ந்தது. எறும்பு மாதிரி ஆட்கள் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். காலனிப் பக்கம் ஒரு வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை. கலவரத்துக்குப் பயந்து அங்கிருந்தவர்கள் முன்தினமே வீடுகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டதை காசிநாதன் அப்போதுதான் கவனித்தார்.

"இறங்கிடலாம் வாங்கம்மா" என்றார்.

பாதி வழி இறங்கியிருப்பார்கள். அடிவாரத்தில் நின்ற காரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. டிரைவர் வயல் வரப்பில் விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தான். ஒருவன் காருக்குள் கையை விட்டு எதையோ எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். கூட்டம் ஓவென்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் காரிலிருந்து கறுப்பாகப் புகை கிளம்பியது.

கமலா ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க அது, அவன் தூக்கிக் காட்டனது?"

"தொப்பி" என்றார் கமலா. "என் வீட்டுக்காரரோடது. பின்சீட்ல கிடந்தது. உள்ள பேர் எழுதியிருக்கும். அவர் போலீஸ்ல இருக்கார். இந்தப் போராட்டத்துக்காக டூட்டி போட்டிருக்காங்க."

காசிநாதன் இன்னும் கிட்டே வந்தார். "பேரு இன்னாங்க?"

"சபாபதி. டி.எஸ்.பி."

அந்தப் பெயரை அவருக்குத் தெரியும். போன மாதம் கூட்டுரோட்டில் நடந்த சங்கக் கூட்டத்தில், வெளியூர் படையோடு வந்து தடியடிக்கு உத்தரவு போட்டவர் பெயர் அது. காசிநாதனின் தங்கை மகன் சின்னராசு அன்று அங்கே நின்றிருந்தான். லத்தி அவன் இடது கண்ணில் இறங்கியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள், பார்வை வரவில்லை.

அவர் கமலாவைப் பார்த்தபடியே நின்றார். இப்படியே விட்டுவிட்டுத் தனியாக இறங்கிப் போனால் யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. அந்த எண்ணம் வந்தது. வந்ததும் போகவில்லை, சற்று நேரம் உள்ளே நின்றது.

"என்னை இங்கயே விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார் கமலா, அதைப் படித்துவிட்டவர் போல.

"எந்திரிங்க. பின்பக்கமா இறங்கலாம்" என்றார் அவர். குரல் அவருக்கே கடுமையாகக் கேட்டது.

பின்பக்கச் சரிவில் முள்ளும் சரளையுமாக இருந்தது. கமலா இரண்டு முறை சறுக்கி விழுந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டது. பேட்டைத் தெருவுக்குள் நுழைந்தபோது எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தெருமுனையில் கோடாரிகளோடு ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு முன்னால் மாயவன் நின்றான். காசிநாதனோடு பள்ளிக்கூடம் படித்தவன். மரம் வெட்டும் ஆட்களுக்கு அன்றைக்கு அவன்தான் தலைவன்.

திரும்பி ஓடினால் மாட்டிக்கொள்வோம் என்று காசிநாதனுக்குத் தெரிந்தது. எப்போதும் பேசுகிற குரலை எடுத்தார். "இதுதாங்கம்மா பழைய பேட்டை. கோட்டையில இருந்த சிப்பாய்ங்களுக்கு அரிசி, புளி, துணி எல்லாம் இந்தத் தெருவுலதான் வித்தாங்க…" கையை வீசினார்.

"இன்னா காசி, இன்னிக்குமா ஊரு சுத்திக் காட்டிகினு கீற?" என்றான் மாயவன்.

"பெங்களூர்க்காரங்கடா. நேத்தே பஸ்ல வந்துட்டாங்க. போவ வழியில்லாம மாட்டிகினாங்க. தமிழு அவ்ளோவா வராது."

"கார்ல ஒருத்தி வந்தாளாம். அந்த சபாபதி பொண்டாட்டி. பாத்தியா?"

"இல்லடா, நாங்க மலைக்கே போவல. நாங்க பள்ளிவாசல் பக்கமா இருந்தோம்."

மாயவனின் கண் கமலாவின் முகத்திலிருந்து இறங்கி, புடவையில் ஒட்டியிருந்த முள்ளில் நின்று, அறுந்த செருப்புக்குப் போனது. கமலா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து யாரோ மாயவனைக் கூப்பிட்டார்கள்; ரோட்டில் லாரி ஒன்று வந்து மாட்டியிருக்கிறதாம். அவன் போனான். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

அந்தத் தெருவில் காசிநாதனுக்குத் தட்டித் திறக்கக்கூடிய கதவு ஒன்றுதான் இருந்தது. அவர் தங்கை செவ்வந்தியின் வீடு.

உள்ளே சின்னராசு பாயில் படுத்திருந்தான். செவ்வந்தி அவன் கண் கட்டைப் பிரித்து மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். கண் இருந்த இடம் இன்னும் சிவந்து வீங்கியிருந்தது. கமலா அதைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். செவ்வந்தி ஒன்றும் கேட்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கமலா வாங்கினார். குடிக்கவில்லை.

"தம்பி கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"கூட்டுரோட்ல அடிச்சாங்களே, அப்ப போனது" என்றாள் செவ்வந்தி. "டீ குடிக்கத்தான் நின்னுகினு இருந்தான். யாரைக் கேட்டாங்க? அடின்னான் ஒருத்தன், அடிச்சானுங்க."

காசிநாதன் வாயைத் திறப்பதற்குள் கமலா சொல்லிவிட்டார். "அடின்னு சொன்னவர் என் வீட்டுக்காரர்."

மருந்துச் சீசாவைச் செவ்வந்தி மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சே கூட்டியாந்தியா?"

"வேற எங்க போவேன் செவ்வந்தி? அவனுங்க கையில மாட்டனா கொன்னுடுவானுங்க."

"அதுக்கு என் வூடுதான் கெடச்சுதா ஒனக்கு? எம் புள்ள முன்னால கொண்டாந்து ஒக்கார வெக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?" கமலாவின் கையிலிருந்த சொம்பை அவள் பிடுங்கிக்கொண்டாள். தண்ணீர் தரையில் சிந்தியது.

அப்போதுதான் தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. நிறையப் பேர். கதவில் கோடாரிக் காம்பால் தட்டினார்கள்.

"காசி! வெளிய வா. அந்தம்மாவ ஒரு தரம் பாக்கணும்." மாயவனின் குரல்.

காசிநாதன் கமலாவைப் பிடித்து இழுத்து, தானியக் குதிருக்குப் பின்னால் தள்ளினார். அவர் கதவுப் பக்கம் போவதற்குள் சின்னராசு பாயிலிருந்து எழுந்துவிட்டான். கட்டுத் துணியைக் கண்ணோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்துபோய், தாழ்ப்பாளை நீக்கினான்.

குதிருக்குப் பின்னாலிருந்து கமலாவுக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அவனுக்கு அப்பால் தலைகள். அவன் ஒரு விரலை நீட்டினால் போதும். செவ்வந்தி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"இன்னாண்ணா?" என்றான் சின்னராசு.

"உங்க மாமாகூட வந்த பொம்பள எங்க?"

"அது அப்பவே ஏரிக்கரை பக்கமா போயிடுச்சி. மாமாதான் வழி காட்டி வுட்டுட்டு வந்தாரு."

"வூட்ட ஒரு தரம் பாத்துக்கறம்பா."

"பாருங்க. வாங்க. மருந்து வுட்டுகினு கீறாங்க, வாங்க, நீங்களும் பாருங்க." அவன் கட்டுத் துணியிலிருந்து கையை எடுத்தான். துணி தோளில் விழுந்தது.

மாயவன் அந்தக் கண்ணைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீ போய்ப் படுப்பா" என்றான். காலடிச் சத்தம் ஏரிக்கரைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்த சின்னராசு குதிருக்கு முன்னால் நின்றான். கமலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் கையமர்த்தினான்.

"உங்களுக்காகச் செய்யல. உங்களுக்கு இங்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு இந்தத் தெருவுல ஒரு வூடு மிஞ்சாது. அதுக்குத்தான்."

அன்று முழுவதும் கமலா குதிருக்குப் பின்னால் இருந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. மத்தியானம் செவ்வந்தி ஒரு தட்டில் கம்பங்களி வைத்து அண்ணனிடம் நீட்டினாள். "குடு" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் காசிநாதன் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வரப்பு வரப்பாக நடத்தி, போலீஸ் ஜீப்புகள் நின்ற இடத்துக்குக் கண்ணெட்டும் தூரத்தில் அவரைக் கொண்டுபோய் விட்டார். கமலா வெறுங்காலோடு நடந்து போனார்.

மறியல் முடிந்த பிறகு போலீஸ் ஊருக்குள் வந்தது. கார் எரித்தது, அதிகாரியின் மனைவியைக் கொல்லத் தேடியது என்று வழக்கு. கூட்டுரோட்டில் அடிபட்டவன் ஆத்திரத்தில் செய்திருப்பான் என்று முடிவு கட்டி, சின்னராசுவை முதல் குற்றவாளியாகப் போட்டுக் கொண்டுபோனார்கள். மாயவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

"அந்தம்மா வந்து சொன்னா வழக்கு நிக்காது" என்றார் வக்கீல் தமிழரசன்.

"அவ கால்ல போய் நிக்காத" என்றாள் செவ்வந்தி. காசிநாதன் அவளுக்குத் தெரியாமல் மெட்ராஸ் பஸ் ஏறினார்.

கல்லூரி வாசலில் காத்திருந்து கமலாவைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் கமலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சின்னராசுவையா? அவரையா? நான் அப்பவே என் வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொன்னேனே."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்." மாணவிகள் வணக்கம் சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள். "கோர்ட்ல நின்னு அதை நான் சொன்னா அவர் பொய் வழக்குப் போட்டார்னு ஆயிடும். தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுதுங்க."

"நான் யோசிக்கணும்" என்றார் கமலா. அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே காசிநாதன் ஊர் திரும்பினார். யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கு மறு வருஷம் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. அதற்குள் சின்னராசு ஜாமீனில் வெளியே வந்திருந்தான். தமிழரசன் சாட்சியின் பெயரைக் கொடுத்திருந்தார். முதல் வாய்தாவுக்குக் கமலா வரவில்லை. இரண்டாம் வாய்தாவிலும் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. செவ்வந்தி அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "அவகிட்ட போனியா நீ?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மதியம் மறுபடி கூப்பிட்டபோது, வியர்த்த முகத்தோடு கமலா உள்ளே வந்தார். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார்.

கூண்டில் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எரித்தவர்களை அடையாளம் காட்ட முடியுமா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"முடியாது. நான் மலைமேல இருந்தேன். முகம் தெரியல."

"அப்போ இவரும் அங்க இருந்திருக்கலாம் இல்லையா?"

"எரிச்ச இடத்துல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் அந்த வீட்டுக்குள்ள போனப்ப அவர் படுத்திருந்தார். அவங்க அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுட்டு இருந்தாங்க. என்னைத் தேடிக்கிட்டு ஆளுங்க வந்தாங்க. வாசல்ல நின்னு அவங்களைத் திருப்பி அனுப்பினது இவர்தான். நான் உயிரோட இங்க நிக்கிறதுக்குக் காரணம் இவர்." சின்னராசு நின்ற பக்கம் திரும்பினார். "இவர் கண் எப்படிப் போச்சுன்னும் எனக்குத் தெரியும்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"சரிங்க" என்றார் கமலா. ஆனால் சொன்னது சொன்னதுதான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

சின்னராசுவை விடுவித்துத் தீர்ப்பு வர இன்னும் சில வாரங்கள் ஆயின. ஆனால் அது எப்படி வரும் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் செவ்வந்தி மகனோடும் அண்ணனோடும் நின்றிருந்தாள். கமலா அவளைப் பார்த்து நடந்து வந்து, இரண்டடி தள்ளி நின்றார். கமலா சின்னராசுவின் பக்கம் திரும்பினார்.

"கண்ணுக்கு வேற ஆஸ்பத்திரியில பாக்கலாமா? மெட்ராஸ்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர்…"

"அது வராதுங்க" என்றான் சின்னராசு.

கமலா தலையாட்டினார். போகத் திரும்பினார். கோர்ட்டு வாசலில் நின்று இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவரைச் செவ்வந்தி கவனித்தாள்.

"அவங்களுக்கு பஸ் ஸ்டாண்டு வழி தெரியாது போலக்குது" என்றாள் அண்ணனிடம். "போ. வுழுப்புரம் பஸ்ல ஒக்கார வெச்சுட்டு வா."

காசிநாதன் வேகமாக நடந்து போய்க் கமலாவோடு சேர்ந்துகொண்டார். மார்க்கெட் வழியாகப் போனார்கள். வழியில் அவர் எதையும் சுட்டிக் காட்டவில்லை. கமலாவும் எதுவும் கேட்கவில்லை.