கதவுக்கு முட்டுக்கொடுத்த ஹீலியம்

எங்கள் அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதனால் ஆளுயர ஹீலியம் உருளை ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். மூன்று வருடமாக அது அசையாமல் நின்றது. அதே ஹீலியத்தின் ஒரே ஒரு அணு எப்படி நிற்கிறது என்று காகிதத்தில் காட்ட முடியாமல் நானும் டாக்டர் ஹோல்கர் ஃப்ரீஸும் அந்த மூன்று வருடமும் நொந்துபோயிருந்தோம்.

1922இல் கோபன்ஹேகனில் எங்களைப் போன்ற இயற்பியல்காரர்களுக்கெல்லாம் இதே பைத்தியம்தான். பழைய விதிப்படி, கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஒளியைச் சிந்திச் சிந்தி வலுவிழந்து, கண் இமைப்பதற்குள் கருவில் போய் விழ வேண்டும். மேஜை, நாற்காலி, நான், எல்லாமே அத்தோடு தீர்ந்தது. ஆனால் விழவில்லையே! எலக்ட்ரானுக்குப் படிகள் உண்டு, கடைசிப் படிக்குக் கீழே இறங்க இடமில்லை என்று புது விதி வந்தது. ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஹீலியத்துக்கு இரண்டு. அங்கேதான் எங்கள் உயிர் போனது.

இரண்டு எலக்ட்ரான்களும் எப்படிச் சுற்றலாம் என்று டாக்டர் ஒரு மாதிரியை வகுத்துச் சமன்பாடு எழுதுவார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் பொறியில் எண் போடுவது என் வேலை. கணக்கிலேயே எலக்ட்ரானை லேசாகத் தட்டிவிட்டுப் பார்ப்போம். ஆட்டம் அடங்கினால் அணு நிற்கும், வளர்ந்தால் கவிழும். பதினொரு மாதிரிகள் கவிழ்ந்தன. பன்னிரண்டாவது நின்றது. அன்று டாக்டர் கேக் வாங்கி வந்தார். கட்டுரை அச்சுக்குப் போயிற்று. அதை நம்பித்தான் விரிவுரையாளர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. நாற்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். இதை விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பு இல்லை.

அச்சுப்படி சரிபார்க்க வந்தபோதுதான் என் கணக்குத் தாள்களை மறுபடி எடுத்தேன். ஓரிடத்தில் கழித்தல் குறி போடுவதற்குப் பதிலாகக் கூட்டல் போட்டிருந்தேன். சரியாகப் போட்டால் பன்னிரண்டாவதும் கவிழ்ந்தது. நாலு நாள் திரும்பத் திரும்பப் போட்டேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நம்ம ஹீலியம் நிக்கல. குறியத் தப்பாப் போட்டது நான்தான்."

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, எப்போதும்போல 'செல்வி' என்று மரியாதையாக டேனிஷில் விளித்துக் கேட்டார். "எப்போ பாத்தீங்க, ஃப்ரோக்கன் பெக்?"

"வெள்ளிக்கிழமை."

"நாலு நாளாவா? சொல்லியிருக்கலாமே."

"என் திருத்தம்தான் தப்பா இருக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. "இந்தத் தாள உங்களையும் என்னையும் தவிர ஒருத்தரும் பாக்கப்போறதில்ல, டாக்டர்."

அவர் கதவுப் பக்கம் திரும்பி உருளையைப் பார்த்தார்.

"அந்தத் தடியன் பாத்துக்கிட்டே நிக்கிறானே. பன்னெண்டு தடவ கவுந்தது அவன் இல்ல, நாமதான். நம்ம புது விதியும் அவனுக்குப் பத்தல போல."

மீதி ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கடிதம் எழுதினார். தட்டச்சு செய்ய என்னிடம் நீட்டினார். மூன்றே வரி. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். பிழை என்னுடையது. அதைக் கண்டுபிடித்தவர் ஃப்ரோக்கன் எல்னா பெக்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய் எழுதாதீங்க. பிழை என்னோடது."

"கட்டுரையில உங்க பேரு எங்கயாவது இருக்கா?"

இல்லை. நன்றி சொல்லும் பத்தியில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அறைக்கு வந்ததே இல்லை.

"மூணு வருஷம் நீங்க போட்ட கணக்கெல்லாம் என்னோடதுன்னு எழுதிக்கிட்டேன். தப்பு மட்டும் எப்படி உங்களோடதாகும்?"

அந்தப் பதவி இனி இல்லை என்று இருவருக்கும் தெரியும். நான் தட்டச்சு செய்தேன். என் பெயர் வந்த இடத்தில் எழுத்துப் பிசகி, தாளை மாற்றி மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

தபாலில் சேர்க்கக் கிளம்பியவள் வாசலிலேயே நின்றேன். உருளையின் மேல் சாய்ந்து அழுதேன். அது கொஞ்சமும் அசையவில்லை.