முழுங்கின எழுத்துகள்

தையல்காரம்மாவுக்குப் பக்கவாதம் வந்துபோனபின் கையும் காலும் பழையபடி திரும்பிவிட்டன. பேச்சு மட்டும், கை கோக்க மறுக்கும் பிள்ளைகளைப்போல, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளி வந்தது. பழைய பேச்சு வந்தால்தான் கடைப்படி ஏறுவேன் என்று ஒரே பிடிவாதம். அவள் வாய்ப்பேச்சைக் கேட்கவே துணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

வீட்டில் பயிற்சி கொடுத்தவர் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஓர் எழுத்து குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"உங்க தங்கச்சி... வந்துட்டாளா?" என்றாள் ஒருநாள்.

"வந்துவிட்டாளா. முழுசாச் சொல்லு."

"வந்து... விட்டாளா."

"அப்படித்தான்!"

கடையைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏண்ணா, அண்ணியை ரயில் அறிவிப்புக்கா அனுப்பப்போறே?"

"தெளிவா இருக்க வேண்டாமா?"

"நீ என்னிக்காவது என்னை 'சாப்பிட்டுவிட்டாயா'ன்னு கேட்டிருக்கியா? 'சாப்ட்டியா'தானே?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்!"

தையல்காரம்மா சிரித்தாள். சிரிப்பு மட்டும் இடைவெளி இல்லாமல் வந்தது.

மறுநாள் காலை நாத்தனார் ஒரு குழந்தையின் பட்டுச் சட்டையைக் கொடுத்து, "தேய்ச்சு வை அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள். அவர் இடது கையில் அச்சுத்தாள், வலது கையில் இஸ்திரிப் பெட்டி. சூடு குறைக்க மறந்து, கண் தாளிலேயே இருக்க, பெட்டியைப் பட்டின்மேல் இறக்கப் போனார்.

"ஐயய்யோ, எடுங்கன்றேன்ல! பருத்திச் சூட்டப் பட்டுல வெச்சா என்னத்துக்காவும்? கண்ணப் பொடனியிலயா வெச்சிருக்கீங்க!"

பெட்டி அந்தரத்தில் நின்றது. சட்டை தப்பியது. தையல்காரம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"எடுங்கள் என்கிறேன்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒரே மூச்சுல எத்தனை எழுத்த முழுங்கிட்டே தெரியுமா?"

"எழுத்தத்தானே முழுங்கினேன்? உங்கள முழுங்கலியே!"

"இன்னொரு தரம் திட்டு, கேப்போம்."

"கடைக்கு வாங்க. அங்க வெச்சுத் திட்றேன்."

ஆணியில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். தெருமுனை வரை பேச்சு நிற்கவில்லை. நடுவில் ஒரு சொல் மாட்டிக்கொண்டது. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை; சும்மா பக்கத்தில் நடந்தார். அடுத்த சொல் பின்னாலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.