சரிதா கேட்ட ஏசி

ராஜகீழ்ப்பாக்கத்தில் இளமாறன் வீட்டுப் படுக்கையறை ஏசி மூன்று ஆண்டு ஏழு மாதமாக நிற்காமல் ஓடுகிறது. அதில் கடைசி இரண்டு ஆண்டுக்கு மேல் மின்இணைப்பு இல்லாமலே ஓடுகிறது. ஒன்றரை டன், இருபத்துநான்கு டிகிரி. வெளி யூனிட் தெருவைப் பார்த்து மாட்டியிருப்பதால் இது எல்லோருக்கும் தெரியும். ஏசியின் வடிகுழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கீழ்வீட்டு சாவித்ரி டீச்சர் பக்கெட்டில் பிடிக்கிறார். தெருவில் உள்ள பதினேழு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் அந்தத் தண்ணீர்தான்.

இளமாறனின் மனைவி சரிதா இறந்தது 2021 நவம்பர் இரண்டாம் தேதி. டெங்கு. வயது இருபத்தெட்டு. நான்கு நாள் வீட்டில், இரண்டு நாள் மருத்துவமனையில். வீட்டில் இரண்டாம் நாள் ஜுரம் நூற்றுமூன்று புள்ளி நான்குக்குப் போனது. கட்டிலின் இடது பக்கம் படுத்திருந்தவள், "எரியுது மாறா, ஏசி போடேன்" என்றாள். அவன் போடப் போனான். அதற்குள் பொத்தேரியிலிருந்து அவன் அக்கா துர்கா போன் செய்தாள். "ஜுரத்துல ஏசியா? ஜன்னி கண்டுடும்டா. ஃபேனையும் ஆஃப் பண்ணு. போர்வை போத்தி விடு." அவர்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அவனும் ஃபேனை நிறுத்தினான், ஜன்னலைச் சாத்தினான், கழுத்துவரை போர்த்தினான். சரிதா இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது, அவளே எழுந்து போட்டுவிடுவாள் என்று பயந்து, ரிமோட்டை எடுத்துப்போய் அரிசி டிரம்மில் ஒளித்துவைத்தான். அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டுத் தேடினாள். பிறகு கேட்கவில்லை. ஏசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று பின்னால் இரண்டு டாக்டர்களிடம் கேட்டான். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மறுநாள் காலை ஏசி தானாக ஓடத் தொடங்கியது. ரிமோட்டை அரிசியிலிருந்து எடுத்து அழுத்தினான். பீப் சத்தம் வந்தது, நிற்கவில்லை. ரிமோட்டை வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப அரிசியிலேயே வைத்தான். அன்றிலிருந்து ஹாலில் பாய் போட்டுப் படுத்தான். முதல் மெக்கானிக் ஒரு வருடம் கழித்து வந்து போர்டை மாற்றினார். புது போர்டும் நிற்கவில்லை. இரண்டாமவர் 2023 பிப்ரவரியில் வந்து மெயின் வயரைத் துண்டித்தார். ஏசி ஓடிக்கொண்டே இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டூல்ஸ் பையைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார். பை இன்னும் வாசலில் இருக்கிறது. இளமாறன் ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்த்தான். மீட்டிங்கில் இருப்பவர்கள், பின்னால் என்ன இரைச்சல் என்று கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்கள்.

அந்த ஆண்டு மே மாதம் துர்கா முடிவாகச் சொன்னாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பொத்தேரிக்கு வந்துவிட வேண்டும், மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது, சனிக்கிழமை வேனோடு வருவேன். அவனுக்கும் போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது. இரண்டு சூட்கேஸ் கட்டினான். ஆனால் ஓடுகிற ஏசியோடு ஒரு வீட்டை எப்படிப் பூட்டுவது? அதனால் சனிக்கிழமை காலை மூன்றாவது மெக்கானிக்கைக் கூப்பிட்டான்.

வந்தவன் அருண்ராஜ். ஊர் கானத்தூர்க் குப்பம். அம்மா முத்தாலம்மாளை மீன் பெட்டியோடு பைக்கில் கொண்டுவந்து ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இறக்கிவிட்டு, பள்ளிக்கரணை வரை சர்வீஸ் பார்ப்பவன். முதலில் ரிமோட்டைக் கேட்டான். இளமாறன் அரிசி டிரம்மிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"அரிசில எதுக்கு சார் போட்டீங்கோ? தண்ணில உழுந்துட்சா?"

"இல்ல. ஒளிச்சு வெச்சேன்."

வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் ரிமோட்டில் இருந்தது. அருண்ராஜ் அரிசித் தூசியைத் துடைத்து அழுத்திப் பார்த்தான். துண்டித்த வயரைப் பார்த்தான். மூடியைக் கழற்றி, அறை வெப்பத்தை அளக்கும் சென்சாரின் வயரில் தன் மீட்டரை மாட்டினான். "மிஷின்ல கோளாறே இல்ல சார். ரூம் இன்னும் குளிரல. முப்பத்தொம்பது புள்ளி ஏழு காட்டுது. அப்பறம் எப்டி நிக்கும்?" அறைக்குள் இருவருக்கும் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. சூடு எங்கே என்று அருண்ராஜ் சுவர், பீரோ, ஜன்னல் என்று உள்ளங்கையை வைத்துத் தேடிக்கொண்டே வந்தான். கட்டிலின் இடது பக்கத்தில் வைத்தவன் கையை இழுத்துக்கொண்டான். இளமாறன் அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து மெத்தையில் வைத்தான். ஃபாரன்ஹீட்டில் நூற்றுமூன்று புள்ளி நான்கு.

அந்த இடத்தைக் குளிரவைத்தால் ஏசி நிற்குமா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அருண்ராஜ் சந்திப்புக்குப் போய் அம்மாவிடம் ஐஸ் கேட்டான். ஐஸை யார் கையிலும் தனியாகக் கொடுக்க மனமில்லாத முத்தாலம்மாள் தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே மாடியேறி வந்தாள். மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். "ஐய, இன்னா இப்டி காயுது?" என்றாள். யாருக்கு என்று கேட்கவில்லை. பாலிதீன் விரித்து ஐஸைக் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றது.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு வீட்டில் சத்தம் இல்லை. கீழே சாவித்ரி டீச்சர் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. யாரோ மாவு டப்பாவை மூடுவது கேட்டது. இளமாறன் சுவரில் சாய்ந்து நின்றான். நான்கு நிமிடத்தில் ஐஸ் முழுக்க உருகிவிட்டது. ஏசி மறுபடி ஓடியது.

"என் ஐசு போச்சி" என்றாள் முத்தாலம்மாள். "வஞ்சிரம் என்னாத்துக்கு ஆவும் இப்போ?"

"இரும்மா, பேஜார் பண்ணாத." அருண்ராஜ் இளமாறன் பக்கம் திரும்பினான். "ஒரு வழி கீது சார். சென்சாரக் கயட்டிட்டு ஒரு ரெசிஸ்டர் வெச்சிட்டா, ரூம் குளுந்துபோச்சின்னு அது நம்பிடும். நின்னுடும். அஞ்சு நிமிசம்."

"அந்த சூடு?"

"அது அப்டியேதான் இருக்கும். மிஷினுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

இளமாறன் சூட்கேஸ்களைப் பார்த்தான். அருண்ராஜ் சென்சார் வயரைக் கட்டரின் வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"வேணாம்" என்றான் இளமாறன். "ஓடட்டும்."

மதியம் துர்கா வேனோடு வந்தாள். ஓடும் ஏசியைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள். அவன் அவள் கையைப் பிடித்து மெத்தையின் இடது பக்கத்தில் வைத்தான். அவள் கையை எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவைடா கேட்டா?"

"மூணு தடவை."

வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். துர்கா எழுந்து பால்கனிக்குப் போய், இன்றைக்கு இல்லை, போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். சூட்கேஸைத் திறந்து, போர்வையை எடுத்துக் கட்டிலின் வலது பக்கத்தில் போட்டாள். அன்றிலிருந்து இளமாறன் அங்கேதான் படுக்கிறான். துர்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், அந்த அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

இந்த ஜூனில் தெர்மாமீட்டர் நூற்றுமூன்று புள்ளி ஒன்று காட்டியது. இரண்டு ஆண்டில் புள்ளி மூன்று குறைந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் முப்பது ஆண்டில் ஜுரம் விட்டுவிடும், ஏசியும் நின்றுவிடும். அப்போது இளமாறனுக்கு அறுபத்துமூன்று வயது இருக்கும். மிஷின் அதுவரை தாங்குமா என்று அருண்ராஜிடம் போனில் கேட்டான். கம்ப்ரஸர் நல்ல கம்ப்ரஸர் சார், ஃபில்டர மட்டும் மாசத்துக்கு ஒருவாட்டி கழுவினு இருங்கோ என்றான் அவன். மாதத்தின் முதல் ஞாயிறு இளமாறன் ஃபில்டரைக் கழுவி, பால்கனியில் நிழலில் காயவைத்து, திரும்ப மாட்டுகிறான்.